மேட்ரிக்ஸுக்கு முதலாளி உண்டு, மாயைக்கு இல்லை

‘தி மேட்ரிக்ஸ் ரெசரெக்‌ஷன்ஸ்’ 2021 டிசம்பர் 22 அன்று வெளியானது. இன்றும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அது 1999-இல் வந்த முதல் படத்தின் பெயரைக் கெடுத்த படம். சண்டைக் காட்சிகளில் உயிரில்லை, பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், லாரன்ஸ் ஃபிஷ்பர்னும் ஹியூகோ வீவிங்கும் இல்லாமல் என்ன மேட்ரிக்ஸ் என்பது அவர்கள் வாதம். இன்னொரு கட்சிக்கு அது துணிச்சலான படம், தன் கதையைத் தானே கூண்டில் ஏற்றி விசாரிக்கும் படம். வசூல் என்னவோ முதல் கட்சிக்குத்தான் சாதகம். முதல் படம் உலகம் முழுக்கச் சுமார் 46 கோடி டாலர் ஈட்டியது. இது 16 கோடி டாலர் அளவிலேயே நின்றுவிட்டது. பெருந்தொற்று ஓயாத நேரம், அமெரிக்காவில் தியேட்டருக்கு வந்த அன்றே ஓடிடியிலும் வந்தது என்று அதற்குக் காரணம் சொல்லலாம். ஆனால் ரசிகர்களின் ஏமாற்றத்தை முழுக்கக் காரணம் சொல்லித் தள்ளிவிட முடியாது.

திருவண்ணாமலையில் இந்த இரண்டு கட்சியோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் மேட்ரிக்ஸ் என்று வாயெடுத்தாலே, “இது நம்ம மாயைதானே? இதைத்தான் வேதாந்தம் அன்னைக்கே சொல்லிடுச்சே” என்று ஒரு குரல் வரும். உள்ளூர்க்காரர்களும் சொல்வார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களும் சொல்வார்கள். இவர்களுக்கு முதல் படம் பிடிக்கும். கண்ணால் காண்பதெல்லாம் பொய் என்று ஹாலிவுட்டே ஒப்புக்கொண்டுவிட்டது என்று ஒரு திருப்தி. நான்காவது படம் பிடிக்காது. உலகம் பொய் என்று கண்டுகொண்ட நாயகன் திரும்பவும் காதலியைத் தேடிக்கொண்டு அலைகிறானே, இது ஞானத்திலிருந்து சறுக்கல் அல்லவா என்பார்கள். இந்த மூன்றாவது கட்சியோடுதான் எனக்கு வழக்கு. மேட்ரிக்ஸை மாயையோடு சேர்த்துப் பேசுவது படத்துக்கும் பெருமை இல்லை, நம் தத்துவத்துக்கும் பெருமை இல்லை. அந்த ஒப்பீட்டை விட்டால்தான் நான்காவது படம் என்ன சொல்கிறது என்பதே காதில் விழும்.

முதல் படத்தில் மார்ஃபியஸ் நாயகன் நியோவுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். உலகம் தோற்றம் மட்டுமே என்று சொல்லி அவன் நிறுத்தவில்லை. நீ ஓர் அடிமை, அது உனக்குத் தெரியாமலிருக்கத்தான் இந்த உலகம் உன் கண் முன்னால் போர்த்தப்பட்டிருக்கிறது என்கிறான். உலகை ஆளும் எந்திரங்களுக்கு மின்சாரம் வேண்டும். மனித உடம்பு அந்த மின்சாரத்தைத் தருகிறது. உடம்பு உயிரோடு இருக்க மனதுக்கு ஒரு கனவு வேண்டும். அந்தக் கனவுதான் மேட்ரிக்ஸ். அதைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள், பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள், கோட் சூட் போட்ட காவல்காரர்கள் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அதில் ஆதாயம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காவல்காரர்களில் ஒருவனான ஏஜென்ட் ஸ்மித், மார்ஃபியஸைக் கட்டி உட்காரவைத்து ஒரு விஷயம் சொல்கிறான்: முதலில் செய்த மேட்ரிக்ஸ் துன்பமே இல்லாத உலகமாக இருந்தது, மனிதர்கள் அதை ஏற்கவில்லை, அறுவடை முழுக்கப் பாழாகிப்போனது என்று. அவன் புழங்கும் சொல்லே அறுவடை. இது ஒரு பண்ணையின் கணக்கு. இதில் தத்துவத்தைவிட அரசியலும் பொருளாதாரமும்தான் அதிகம். படத்தின் தொடக்கத்தில் நியோ தன் திருட்டு மென்பொருளை ஒளித்துவைத்திருக்கும் குடைந்த புத்தகம் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் 1981-இல் எழுதியது. அவரோ இந்தப் படம் தன் நூலைத் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டது என்றுதான் சொன்னார். போலியும் நிஜமும் பிரிக்க முடியாமல் கலந்துபோன காலத்தைப் பற்றி அவர் எழுதினார். படமோ போலி இங்கே, நிஜம் அங்கே என்று நடுவில் கோடு போட்டுவிட்டது. அவர் குறை சொன்னது நியாயம். ஆனால் அந்தக் கோடு போட்டதால்தான், கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படத்தால் கேட்க முடிந்தது.

இப்போது ரமணரிடம் வருவோம். 1896-இல் பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்து, 1950-இல் மறையும்வரை இந்த மலையை விட்டு நகராதவர். சினிமா புதிதாக ஊருக்குள் வந்துகொண்டிருந்த காலத்தில், தன்னிடம் கேள்வி கேட்டு வந்தவர்களுக்கு அவர் அடிக்கடி எடுத்துச் சொன்ன உவமை சினிமாத் திரைதான். திரையில் தீப்பிடித்து எரிகிறது, திரை கருகுவதில்லை. வெள்ளம் வருகிறது, திரை நனைவதில்லை. படங்கள் வந்து போகும், திரை அப்படியே இருக்கும். ‘உள்ளது நாற்பது’ நூலின் முதல் பாடலிலேயே சித்திரம், பார்ப்பவன், படம் விழும் திரை, ஒளி என்ற நான்கையும் வைத்து நான்கும் ஒன்றே என்று முடிக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, தியேட்டரை விட்டு வெளியே ஓடு என்று ரமணர் சொல்லவேயில்லை. படத்தை நிறுத்து என்றும் சொல்லவில்லை. படம் ஓடட்டும், எதன்மேல் ஓடுகிறது என்று பார், பார்ப்பவன் யார் என்று விசாரி என்றார். மேட்ரிக்ஸிலோ வெளியே வருவதுதான் எல்லாமே. எந்திரங்கள் கிடத்திவைத்த தொட்டியிலிருந்து உடம்பைப் பிடுங்கி எடுத்து, முதுகில் செருகிய குழாய்களைக் கழற்றி, உண்மையான ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். உடம்பு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதுதான் அங்கே விடுதலை. இரண்டையும் ஒன்றென்று சொல்வது ரமணரின் உவமையைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோவது.

கோயில் பக்கம் போனால் இன்னும் தெளிவு. சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்யே அல்ல. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களில் ஒன்றாக எண்ணப்பட்டாலும், உயிருக்கு உடம்பையும் கருவிகளையும் உலகையும் அனுபவத்தையும் கொடுப்பது அதுதான். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு, விடியும்வரை வெளிச்சம் காட்டும் விளக்கு போன்றது மாயை என்று உமாபதி சிவாச்சாரியார் ‘திருவருட்பயன்’ நூலில் சொல்கிறார். உலகைத் தோற்றம் என்னும் சங்கரரின் அத்வைத வழியும் சித்தாந்த வழியும் இந்த இடத்தில் எதிரெதிர். அவற்றை ஒரே பையில் போட்டு “நம்ம மாயை” என்று கட்டுவதே முதல் பிழை. இங்கே ஒருவர் மடக்கலாம்: மாயையைச் செலுத்துபவன் இறைவன்தானே, அப்படியானால் மாயைக்கும் முதலாளி உண்டுதானே, மறைத்தல் என்பதே சிவனுடைய ஐந்தொழில்களில் ஒன்றல்லவா என்று. நல்ல கேள்வி. பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சித்தாந்தத்தில் இறைவன் மறைப்பது உயிர் பக்குவப்படுவதற்காக. அந்த மறைப்பும் அருள் என்றே எண்ணப்படுகிறது. இறைவனுக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை, நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்றுமில்லை. மேட்ரிக்ஸ் மறைப்பது மின்சாரத்துக்காக. ஆதாயம் யாருக்கு என்ற ஒரே கேள்வியில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

பொய் சொன்னவன் யார் என்று கேட்பது நம் மரபுக்குப் புதிதும் அல்ல. எங்கள் ஊர்த் தலபுராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியும் முடியும் காண முடியாத தீப்பிழம்பாகச் சிவன் நிற்க, அடியைத் தேடிப்போன திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். முடியைத் தேடிப்போன பிரமனோ, பார்த்துவிட்டேன் என்கிறார், தாழம்பூவைப் பொய்ச் சாட்சிக்கு இழுத்து வருகிறார். இதைப் புராணம் “எல்லாம் மாயை” என்று விட்டுவிட்டதா? இல்லை. பொய் சொன்னவருக்கும் சாட்சி சொன்ன பூவுக்கும் தனித்தனியே தண்டனை கொடுத்தது. பிரமனுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடம் கிடையாது. புராணத்தை விடுங்கள், 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து எங்கள் ஊர் வ.உ.சி. நகரில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் புதையுண்டு போனார்கள். மலையடிவாரத்தில் இத்தனை வீடுகள் எப்படி வந்தன, தடுக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விதான் அப்போது எழுந்தது, எழ வேண்டியதும் அதுதான். “எல்லாம் மாயை” என்ற சொல்லை ஆன்மவிசாரத்தில் வைத்துக்கொள்வது வேறு. பொறுப்பு யாருடையது என்று கேட்க வேண்டிய இடத்தில் அதை எடுத்து நீட்டுவது வேறு. மேட்ரிக்ஸ் போன்ற படங்கள் இந்த இரண்டாவது இடத்தைப் பற்றியவை. அங்கே மாயையைக் கொண்டுவந்து வைத்தால் கேள்வியே அமுங்கிவிடும்.

சரி, படமே நம் சாஸ்திரத்தைத் தொட்டிருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். உண்மைதான். 2003-இல் வந்த மூன்றாம் பாகமான ‘ரெவல்யூஷன்ஸ்’ முடிந்து பெயர்கள் ஓடும்போது பின்னணியில் ஒலிப்பது பிருகதாரண்யக உபநிடத மந்திரம். அதே படத்தில் ஆளில்லாத ஒரு ரயில் நிலையத்தில் நியோ ஓர் இந்தியக் குடும்பத்தைச் சந்திக்கிறான்: ராமா கந்த்ரா, மனைவி கமலா, மகள் சதி. கமலாவாக நடித்தவர் பெயர் தாரிணி முதலியார். மூன்று பேருமே மனிதர்கள் அல்ல, மென்பொருள்கள். சதிக்கு எந்திர உலகில் எந்தப் பயனும் இல்லை. பயனில்லாததை அங்கே அழித்துவிடுவார்கள். அதனால் பெற்றவர்கள் அவளைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். ஒரு மென்பொருள் தன் மகள்மீது அன்பு என்று பேசுவதைக் கேட்டு நியோ திகைக்கிறான். அன்பு என்பது ஒரு சொல், அது சுட்டும் பிணைப்புதான் முக்கியம் என்று ராமா கந்த்ரா விளக்குகிறான். கர்மம் என்பதும் அப்படித்தான், நான் செய்ய வந்ததைச் சொல்ல ஒரு சொல் என்கிறான். மொத்த வரிசையிலும் இந்தியச் சிந்தனைக்கு நெருக்கமாக வரும் காட்சி இதுதான் என்பேன். அதில் பேசப்படுவது கடமையும் பாசமும். உலகம் பொய் என்ற பேச்சே அங்கே இல்லை. நான்காவது படத்தில் அந்தச் சதி வளர்ந்து பிரியங்கா சோப்ராவாக வருகிறாள், நியோவும் அவன் காதலி டிரினிட்டியும் சேருவதற்கான திட்டத்தைத் தீட்டுவதே அவள்தான்.

நான்காவது படத்தில் நியோ மறுபடியும் தன் பழைய பெயரில் தாமஸ் ஆண்டர்சன். ‘மேட்ரிக்ஸ்’ என்ற புகழ்பெற்ற வீடியோ கேமை உருவாக்கியவன். தான் வாழ்ந்ததெல்லாம் தான் எழுதிய விளையாட்டு என்றும், அதை நிஜமென்று நினைப்பது தன் மனநோய் என்றும் நம்பவைக்கப்பட்டிருக்கிறான். நம்பவைப்பவர் அவனுடைய மனநல ஆலோசகர். நீலச் சட்டம் போட்ட கண்ணாடி, கனிவான குரல், மடியில் கருப்புப் பூனை, கனவுக்குள்ளேயே வைத்திருக்க அவர் எழுதித்தரும் நீல மாத்திரை. அவர்தான் இந்த மேட்ரிக்ஸை நடத்தும் அனலிஸ்ட். நீல் பேட்ரிக் ஹாரிஸ் நடித்திருக்கிறார். முந்தைய படங்களில் மேட்ரிக்ஸை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் கணக்கையும் தர்க்கத்தையும் நம்பியவர். இவருக்குத் தர்க்கம் வேண்டாம். மனிதர்களுக்கு உண்மை எது என்பதில் அக்கறையே கிடையாது, உணர்ச்சியைப் பிடித்தால் போதும் என்கிறார். இல்லாததற்கு ஏங்கவிடு, இருப்பது போய்விடுமோ என்று பயப்படவிடு, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதன் முன்னைவிட அதிக மின்சாரம் தருவான் என்பது அவர் கண்டுபிடிப்பு. நியோவையும் டிரினிட்டியையும் ஒரே காபிக் கடைக்கு வந்துபோகும் தூரத்தில், ஆனால் சேரவே முடியாமல் வைத்திருப்பது அதற்காகத்தான். அவளுக்குக் கணவன், குழந்தைகள், டிஃபனி என்று வேறு பெயர். தினம் ஒரு பார்வை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதைக் காதல் கதை என்று ஒதுக்குகிறவர்கள், இந்தப் படத்தில் கொள்ளைபோவதே அந்த ஏக்கம்தான் என்பதை விட்டுவிடுகிறார்கள். 1999-இல் அடிமைத்தனத்துக்கு உண்மையை மறைக்க வேண்டியிருந்தது. 2021-இல் மறைக்கக்கூட வேண்டாம். உண்மையை ஒரு விளையாட்டாக்கிக் கையிலேயே கொடுத்துவிடலாம், ஆள் நகரமாட்டான். இந்த மாற்றத்தைப் பிடித்ததற்காகவே நான்காவது படத்தை நான் மதிக்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எத்தனை கைபேசிகள் மலையை நோக்கி உயர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அதில் தவறொன்றும் இல்லை. 2020 நவம்பர் 29 அன்று பெருந்தொற்றால் கிரிவலத்துக்கும் மலையேறுவதற்கும் தடை இருந்தபோது, பக்தர்கள் பலர் கார்த்திகை மகாதீபத்தைத் திரையில்தான் பார்த்தார்கள். வீட்டுக் கூடத்தில் நின்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அந்தத் தீபம் போலி என்று ஒருவரும் நினைக்கவில்லை. 2,668 அடி உயர மலைமேல் உண்மையாகவே எரிந்துகொண்டிருந்த ஒன்றைத் திரை கொண்டுவந்து காட்டியது, அவ்வளவே. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆகவே திரை என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. ஆனால் அதே கைபேசியில் ‘மலையில் தோன்றிய சித்தர்’ என்ற தலைப்போடு ஒரு வீடியோவை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த நாளிலிருந்து அதே ரகம்தான் வரிசைகட்டி வரும். இந்தப் பரிகாரத்தை இன்றே செய்யாவிட்டால் கெடுதல் என்று ஒன்று, இதைப் பகிர்ந்தால் நல்ல செய்தி வரும் என்று இன்னொன்று. ஏக்கமும் பயமும், அதே இரண்டு சரக்கு. பார்ப்பவர் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் யாருக்கோ விளம்பரக் காசு. அனலிஸ்ட் பேசுவது இதைத்தான். “நம்ம மாயை” என்று பெருமைப்படுகிறவர்களுக்கு இது தெரியாமல் போவதுதான் எனக்கு உண்மையான வருத்தம். மாயையைத் தாண்ட வழி சொல்கிறேன் என்கிற வீடியோவே இந்தப் பண்ணைக்குத் தீனியாக இருக்கிறது.

படத்தை வெறுப்பவர்கள் சொல்வதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியவையும் உண்டு. சண்டைக் காட்சிகள் நிச்சயமாக மந்தம். முந்தைய படங்களில் ஒவ்வோர் அடியும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியும். அதை வடிவமைத்தவர் யுவென் வூ-பிங், பிற்பாடு நம் ‘எந்திரன்’ படத்துக்கும் வேலை செய்தவர். நான்காவதில் அவர் இல்லை, அந்தத் தெளிவும் இல்லை. கடைசி அரைமணி நேரம் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஜன்னலிலிருந்து குதிப்பதும் மோட்டார் சைக்கிள் துரத்தலும் களைப்பூட்டுகின்றன. இதற்கெல்லாம் தத்துவக் காரணம் சொல்லி முட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் படம் தன்னைத் தானே பேசிக்கொள்வது சுயமோகம் என்ற குற்றச்சாட்டை ஏற்க முடியாது. கேம் நிறுவனத்தின் கூட்ட அறையில் இளைஞர்கள் உட்கார்ந்து மேட்ரிக்ஸ் என்றால் என்ன என்று அலசும் காட்சி இருக்கிறதே, ஒருவன் அரசியல் என்கிறான், இன்னொருவன் முதலாளித்துவச் சுரண்டல் என்கிறான், வேறொருவனுக்குத் துப்பாக்கிக் குண்டு மெதுவாகப் பறந்தால் போதும். தாய் நிறுவனமான வார்னர் பிரதர்ஸ், உங்களோடோ நீங்கள் இல்லாமலோ அடுத்த பாகத்தை எடுத்தே தீரும் என்று பெயர் சொல்லியே ஒரு வசனம் வருகிறது. படத்தின் இயக்குநர் லானா வச்சோவ்ஸ்கி இதை விளையாட்டுக்கு வைக்கவில்லை. முதல் படத்தில் அவரும் சகோதரி லில்லியும் சேர்ந்து படைத்த, உண்மைக்குக் கண் திறக்கும் சிவப்பு மாத்திரையைப் பெண்களை வெறுக்கும் இணையக் கும்பல்கள் தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். 2020 மே மாதம் ஈலான் மஸ்க் சிவப்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ட்வீட் போட, இவாங்கா டிரம்ப் எடுத்தாயிற்று என்று பதில் போட்டார். லில்லி இருவரையும் வெளிப்படையாகத் திட்டினார். திருநங்கைகளான லானாவும் லில்லியும், தாங்கள் வேறொருவராக வாழ நிர்ப்பந்திக்கப்பட்ட வலியிலிருந்து எழுதிய கதை இது. அதைப் பிடுங்கி அவர்களுக்கு எதிராகவே திருப்பினால், அந்தப் பிடுங்கலைப் பற்றிப் படமெடுக்க லானாவுக்கு எல்லா உரிமையும் உண்டு. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறந்த துக்கத்தில்தான் நியோவையும் டிரினிட்டியையும் உயிர்ப்பித்தேன் என்று லானா சொன்னார். அந்தத் துக்கம் படத்தில் தெரிகிறது.

முடிவைப் பற்றிய குறை ஒன்று மிச்சமிருக்கிறது. நியோவும் டிரினிட்டியும் மேட்ரிக்ஸை அழிக்காமல், அதற்குள்ளேயே நின்று அதை மாற்றப்போகிறோம் என்று அனலிஸ்டிடம் சொல்லிவிட்டுப் பறந்துபோகிறார்கள். இது சமரசம் என்கிறார்கள் ஒரு பக்கம், அத்வைதத்துக்கு விரோதம் என்கிறார்கள் எங்கள் ஊர்ப் பக்கம். எனக்கு இந்த வரிசையிலேயே நேர்மையான முடிவு இதுதான் என்று படுகிறது. தொட்டிகளில் இன்னும் கோடிக்கணக்கான மனிதர்கள் கிடக்கிறார்கள். கனவை ஒரேயடியாக அணைத்தால் அவர்கள் பிழைப்பார்களா என்பதே சந்தேகம். அவர்களை விட்டுவிட்டு இரண்டு பேர் மட்டும் விடுதலை வாங்கிக்கொண்டு போவதைவிட, அந்த உலகத்தைக் கைப்பற்றி வேறுமாதிரி நடத்துவது மேல். ஜனங்களுக்கு என் உலகம்தான் பிடிக்கும், உங்கள் சுதந்திரம் அவர்களுக்கு வேண்டாம் என்று அனலிஸ்ட் கடைசிவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்குப் படம் வாயால் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் பார்க்கும் நாம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படத்தைப் பாதியில் நிறுத்தியவர்களும், பார்த்து நொந்துபோனவர்களும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். சண்டைகளை வேண்டுமானால் ஓட்டிவிடுங்கள், நஷ்டமில்லை. அனலிஸ்ட் வாய் திறக்கும் காட்சிகளை மட்டும் ஓட்டாதீர்கள். பார்த்துவிட்டு, இது நம்ம மாயைதானே என்று உங்களுக்கு இன்னமும் தோன்றினால் வந்து சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.